நாள்பட்ட கழுத்து வலி: ஸ்கேனில் தெரியாத பாதி

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் 1995 ஜனவரி 1 முதல் வாகன விபத்துக் காப்பீட்டுச் சட்டம் மாறியது. அதற்கு முன்பு, பின்னாலிருந்து இன்னொரு கார் மோதி, தலை வெட்டி இழுக்கப்பட்டு, கழுத்து வலியோடு அல்லாடுகிறவர் மோதியவர் மேல் வழக்குப் போடலாம். மருத்துவச் செலவு போக, பட்ட வேதனைக்கென்று தனியாக நஷ்டஈடும் கேட்கலாம். புதிய சட்டம் அந்த வேதனைத் தொகையை எடுத்துவிட்டது. பதிலுக்கு, தவறு யார் பக்கம் இருந்தாலும் சிகிச்சைக்கும் இழந்த சம்பளத்துக்கும் பணம் உண்டு என்றது.

பிறகு நடந்ததை டேவிட் காசிடி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 7,462 பேரின் காப்பீட்டுக் கோரிக்கைகளை வைத்து அலசினார்கள். முடிவுகள் 2000-ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தன. பழைய சட்டத்தின் கடைசி ஆறு மாதங்களில் லட்சம் பேருக்கு 417 என்றிருந்த கழுத்துக் காயக் கோரிக்கைகள், புதிய சட்டத்தில் 300 அளவுக்கு இறங்கியிருந்தன. ஒரு கோரிக்கை முடிவதற்கு எடுத்துக்கொண்ட காலத்தின் இடைநிலை அளவு 433 நாளிலிருந்து 200 நாள் பக்கமாகச் சுருங்கியிருந்தது. அதே சாலை, அதே கார்கள், அதே கழுத்துகள்.

இதைப் படித்ததும் பலருக்குத் தோன்றுவது, “அப்போ காசுக்காகத்தான் வலிக்கிறது என்றிருக்கிறார்கள்” என்பதுதான். காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இந்த விளக்கம் இனிக்கவே செய்யும். ஆய்வுக்குப் பணம் கொடுத்ததே அந்த மாகாணத்தின் அரசுக் காப்பீட்டு நிறுவனம் என்பதால் அப்போதே கண்டனங்கள் எழுந்தன. காப்பீட்டுக் கோரிக்கையின் கோப்பு மூடப்பட்டால் வலி போய்விட்டதாக அர்த்தமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதே கட்டுரையில், அதிகம் பேசப்படாத இன்னொரு விஷயம் இருக்கிறது. பழைய சட்டமானாலும் புதிய சட்டமானாலும், யாருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தனவோ அவர்களுடைய கோரிக்கை முடிய அதிக நாளாகியிருக்கிறது. வலியின் கடுமையும் அன்றாட வேலைகளைச் செய்ய முடிகிற அளவும் எப்படி அந்தக் கால அளவோடு இறுக்கமாகப் பிணைந்திருந்தனவோ, மனநிலையும் அப்படியே.

வழக்கு நடக்கிற வீட்டின் நிலைமை நம் எல்லோருக்கும் தெரியும். நிலத் தகராறாக இருந்தாலே ராத்திரித் தூக்கம் போய்விடும். இங்கே தகராறு சொந்தக் கழுத்தைப் பற்றியது. வலிக்கிறது என்று வக்கீலிடம் சொல்ல வேண்டும், எதிர்த்தரப்பு மருத்துவரிடம் நிரூபிக்க வேண்டும், மறுபடி சான்றிதழ் வாங்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு மனிதர் தன் வலியை நாள்தோறும் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கும்படி ஒரு ஏற்பாடு செய்துவிட்டு, வலி ஏன் போகவில்லை என்று கேட்பதில் பொருளில்லை. நடிப்பவர்கள் சிலர் இருந்திருக்கலாம். ஆனால் அந்த எண்களை விளக்க நடிப்பு தேவைப்படவில்லை என்பது என் எண்ணம்.

சஸ்காச்சுவான் ஆய்வு வெளிவருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1996-இல், லித்துவேனியாவிலிருந்து இன்னும் கூர்மையான ஒரு முடிவு லான்செட் இதழில் வந்திருந்தது. கௌனஸ் நகரத்தில் பின்புற மோதலில் சிக்கிய 202 பேரை, விபத்து நடந்து ஒன்று முதல் மூன்று வருஷம் ஆனபின் விசாரித்தார்கள். அங்கே அப்போது கழுத்துக் காயத்துக்கு நஷ்டஈடு கேட்கும் வழக்கமே இல்லை. அப்படியொரு நீடித்த நோய் வரும் என்ற எதிர்பார்ப்பும் மக்களிடம் இல்லை. விபத்தில் சிக்கியவர்களில் 35 சதவீதம் பேருக்குக் கழுத்து வலி இருந்தது. விபத்தே நடக்காத ஒப்பீட்டுக் குழுவில் 33 சதவீதம். கிட்டத்தட்ட ஒன்றுதான். மோதலில் இருந்த எல்லோருக்குமா அடிபட்டிருக்கும் என்று விமர்சகர்கள் மடக்கினார்கள். அதனால் அடுத்த முறை விபத்து நடந்த உடனேயே தொடர்ந்து கவனித்தார்கள். 47 சதவீதம் பேருக்கு முதலில் வலி இருந்தது. நடுத்தரமாக மூன்று நாள், அதிகபட்சம் 17 நாளில் சரியாகிவிட்டது. காயம் உண்மை. அது மாதக்கணக்கில் தங்குமா என்பதைக் காயம் மட்டும் முடிவு செய்யவில்லை.

விபத்தே இல்லாமல் வருகிற கழுத்து வலிதான் நம்மில் பலருக்கும் தெரிந்தது. உலக அளவில் 2020-இல் சுமார் 20 கோடிப் பேருக்குக் கழுத்து வலி இருந்ததாக உலக நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். மூன்று மாதத்தைத் தாண்டினால் மருத்துவர்கள் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். அந்த மூன்று மாதக் கோட்டைச் சிலர் ஏன் தாண்டுகிறார்கள், பலர் ஏன் அதற்கு முன்பே தேறிவிடுகிறார்கள் என்பதில்தான் மனநிலை உள்ளே வருகிறது.

எது முதலில் வருகிறது? வலியால் மனம் வாடுகிறதா, மனம் வாடியதால் வலி வருகிறதா? இதற்கும் சஸ்காச்சுவானிலேயே பதில் தேடினார்கள். லிண்டா கேரல் தலைமையிலான குழு, கழுத்திலோ இடுப்பிலோ தொந்தரவான வலி இல்லாதவர்களைத் தேர்ந்து, அவர்களுடைய மனச்சோர்வை முன்கூட்டியே அளந்துவிட்டுப் பின்தொடர்ந்தது. மனச்சோர்வு மதிப்பெண் மிக அதிகமாக இருந்த கால்வாசிப் பேருக்கு, மிகக் குறைவாக இருந்த கால்வாசியைவிட, தொந்தரவான வலி புதிதாகத் தொடங்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. 2004-இல் வந்த ஆய்வு இது. அதே குழு எதிர்த் திசையிலும் பார்த்தது. கழுத்துக் காயம் பட்டவர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் ஆறு வாரத்துக்குள் மனச்சோர்வு அறிகுறிகள் தோன்றின. ஆக, இரண்டு திசையிலும் போக்குவரத்து உண்டு. ஒருவரை எதிரில் உட்காரவைத்து உங்களுக்கு எது முதலில் வந்தது என்று விசாரிப்பதில் பெரும்பாலும் பயனில்லை. இரண்டும் சேர்ந்து இருக்கின்றன, ஒன்றையொன்று வளர்க்கின்றன. சிகிச்சைக்கு அது போதும்.

“எல்லாம் மனசுதான் காரணம்” என்று சொல்லி அனுப்பிவிடுகிற மருத்துவர்கள் உண்டு. “மனசுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை, டிஸ்க் பிதுங்கியிருக்கு” என்கிறவர்களும் உண்டு. இரண்டுமே தவறு என்று வலி பற்றிய வரையறையே சொல்கிறது. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 1979-இல் எழுதி, 2020-இல் திருத்திய வரையறையில், வலி என்பது உடல் உணர்வும் உணர்ச்சியும் சேர்ந்த, விரும்பத்தகாத அனுபவம். உணர்ச்சி பிற்பாடு ஒட்டிக்கொள்வதல்ல. கழுத்திலிருந்து வரும் சமிக்ஞைகளில் ஒரு பகுதி, எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்று கணிக்கும் மூளைப் பகுதிகளுக்குப் போகிறது. இன்னொரு பகுதி, அது எவ்வளவு தொல்லை தருகிறது, பயப்பட வேண்டியதா என்று தீர்மானிக்கும் பகுதிகளுக்குப் போகிறது. கவலையிலும் துக்கத்திலும் ஈடுபடும் அதே பகுதிகள் அவை. மூளையிலிருந்து கீழே தண்டுவடத்துக்கு இறங்கி, வரும் வலியைத் தணிக்கிற பாதைகளும் உண்டு. அவை செரோடோனின், நார்அட்ரினலின் ஆகிய ரசாயனங்களைக் கொண்டு வேலை செய்கின்றன. மனச்சோர்வு மருந்துகள் கைவைப்பதும் அந்த இரண்டின் மேல்தான்.

உடல் முழுக்க இத்தனை தசைகள் இருக்கும்போது மனக்கவலை ஏன் கழுத்திலும் தோளிலும் வந்து உட்காருகிறது? தலையின் அடிப்பக்கத்திலிருந்து தோள்பட்டை வரை, அங்கிருந்து நடுமுதுகு வரை விரிந்து கிடக்கும் ட்ரபீசியஸ் தசையைப் பற்றி ஸ்வீடன் நாட்டினர் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். உல்ஃப் லண்ட்பெர்க்கின் குழுவினர், அந்தத் தசையில் மின்முனைகளைப் பொருத்திவிட்டு, கையால் எந்த வேலையும் கொடுக்காமல் மனக்கணக்கு மாதிரியான நெருக்கடிச் சோதனைகளை மட்டும் கொடுத்தார்கள். தசையின் மின்செயல்பாடு ஏறியது. தோளைத் தூக்கும்போது எந்த இழைகள் விழித்துக்கொள்கின்றனவோ, மனநெருக்கடியிலும் அதே இழைகளில் சில விழித்துக்கொண்டன.

இதற்கு ஒரு கருதுகோள் உண்டு. தசையில் சின்னச் சின்ன இழைத் தொகுதிகள் இருக்கின்றன. லேசான வேலைக்கு முதலில் அழைக்கப்படுவது சிறிய தொகுதிகள். வேலை முழுக்க நின்றால்தான் அவற்றுக்கு ஓய்வு. 1991-இல் யோரான் ஹேக் என்ற ஸ்வீடன் ஆய்வாளர் இவற்றுக்குச் சிண்ட்ரெல்லா இழைகள் என்று பெயர் வைத்தார். வீட்டில் முதலில் எழுந்து கடைசியில் படுக்கிற பெண் அல்லவா அவள். கம்ப்யூட்டர் முன் கை ஓய்ந்திருக்கும் சில நிமிஷங்களில் இந்த இழைகளும் ஓய வேண்டும். மனம் அடுத்த காலக்கெடுவை நினைத்து இறுக்கமாகவே இருந்தால் அந்த ஓய்வு கிடைப்பதில்லை. எடை தூக்காமலே தசை நாள் முழுக்க வேலை செய்கிறது. இது இன்னும் கருதுகோள்தான், எல்லாருடைய வலியையும் இது விளக்கிவிடாது. ஆனால் மாதக் கடைசியில், கணக்கு முடிக்கும் வாரத்தில் தோள் காதை நோக்கி ஏறிக் கிடப்பதைக் கவனித்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

இனி ஸ்கேன். நாள்பட்ட கழுத்து வலிக்காரர்கள் பலரின் பயம் எம்.ஆர்.ஐ. அறிக்கையிலிருந்து தொடங்குகிறது. சி5-சி6 (கழுத்தின் ஐந்தாம், ஆறாம் எலும்புகளுக்கு நடுவிலுள்ள) டிஸ்க் பிதுக்கம், எலும்புத் தேய்மானம், நரம்பு அழுத்தம் என்று பத்து வரி. அதைப் படித்த இரவிலிருந்து தலையைத் திருப்பவே அச்சம். ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, 2015-இல் வெளியிட்டார்கள். 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. இருபதுகளில் இருந்த இளைஞர்களிலேயே முக்கால்வாசிப் பேருக்கு இருந்தது. வலியே இல்லாதவர்கள் இவர்கள். வயதாக ஆக நரை வருவதுபோல இதுவும் வருகிறது என்று ஒரு வரி அறிக்கையோடு சேர்த்துச் சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் தூங்கியிருப்பார்கள்.

பயம் அதோடு நிற்பதில்லை. தலையைத் திருப்பாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பப் பழகுகிறோம். கழுத்துப் பட்டையை வாரக்கணக்கில் கழற்றுவதில்லை. தண்ணீர்க் குடம் தூக்குவது, பிள்ளையைத் தூக்குவது, வண்டி ஓட்டுவது ஒவ்வொன்றாக நின்றுபோகிறது. அசையாத தசை பலவீனமாகிறது. பலவீனமான தசை சின்ன வேலைக்கே வலிக்கிறது. பார்த்தீர்களா, அசைத்தால் வலிக்கத்தானே செய்கிறது என்று பயம் உறுதிப்படுகிறது. இடையில் கல்யாணத்துக்குப் போவது குறைகிறது, சிநேகிதர்களைப் பார்ப்பது குறைகிறது. மனச்சோர்வுக்கு வேறு என்ன உரம் வேண்டும்? எதிர்பார்ப்புக்கு எவ்வளவு பலம் என்பதையும் சஸ்காச்சுவானில் அளந்திருக்கிறார்கள். கழுத்துக் காயம் பட்ட 6,015 பேரில், சீக்கிரம் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்தவர்கள், இது ஒருபோதும் சரியாகாது என்று நினைத்தவர்களைவிட மூன்று மடங்குக்கும் அதிக வேகத்தில் தேறினார்கள். ஆரம்ப வலியின் கடுமை போன்ற மற்ற காரணங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வித்தியாசம் இருந்தது.

எந்தக் கழுத்து வலிக்கு உடனே ஸ்கேன் வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கை வலுவிழந்து பொருள் நழுவுவது, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, பலத்த அடிபட்டிருப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. இவை இருந்தால் மனநிலையைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் அதுவல்ல.

நிமிர்ந்து உட்காரவில்லை, போனைக் குனிந்து பார்க்கிறாய், அதனால்தான் வலி என்று வீட்டில் பிள்ளைகளைத் திட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில், பிறப்பிலிருந்து பல ஆண்டுகளாகப் பின்தொடரப்படும் ரெய்ன் ஆய்வில் இருந்த 17 வயதுக்காரர்கள் 1,108 பேரின் உட்காரும் தோரணையைப் படம் எடுத்து நான்கு வகையாகப் பிரித்தார்கள். கூன் விழுந்து தலை முன்னால் நீண்டவர்களுக்குக் கழுத்து வலி கூடுதலாக இருந்ததா? இல்லை. நான்கு வகையிலும் கழுத்து வலியின் வாய்ப்பில் வித்தியாசம் தென்படவில்லை. வித்தியாசம் தென்பட்டது வேறோர் இடத்தில்: கூன் தோரணைப் பிள்ளைகளிடம் மனச்சோர்வு அதிகம். குனிந்து உட்கார்ந்திருக்கிற பதின்வயதுப் பிள்ளையிடம் “நிமிர்ந்து உட்கார்” என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு ஏதோ இருக்கக்கூடும்.

தூக்கத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். சுருக்கமாக: தூக்கம் குறைந்தால், மூளையிலிருந்து இறங்கி வலியைத் தணிக்கும் பாதைகள் சரியாக வேலை செய்வதில்லை. வலி இருந்தால் தூக்கம் வருவதில்லை. தலையணையை மாற்றிப் பார்க்கிறவர்கள் படுக்கப்போகும் நேரத்தையும் ஒருமுறை மாற்றிப் பார்க்கலாம்.

சிகிச்சைக்கு வருவோம். கழுத்தையும் தோளையும் வலுப்படுத்தும் பயிற்சிக்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. ஃபின்லாந்தில் நாள்பட்ட கழுத்து வலி இருந்த 180 அலுவலகப் பெண்களை மூன்று குழுவாகப் பிரித்து ஒரு வருஷம் கவனித்தார்கள். வலுப் பயிற்சி செய்தவர்களின் முன்கழுத்துத் தசைவலு இரு மடங்குக்கு மேலானது. தாங்குதிறன் பயிற்சி செய்தவர்களுக்கு அவ்வளவு ஏறவில்லை. ஆனால் வலியும் முடக்கமும் இரண்டு குழுவிலுமே ஒப்பீட்டுக் குழுவைவிட நன்றாகக் குறைந்தன. 2003-இல் வெளியான இந்த முடிவில் எனக்குப் பிடித்தது அந்த ஒரு வருஷம். பத்து நாள் பிசியோதெரபிக்குப் போய் சூட்டு ஒத்தடமும் கரண்டும் வைத்துவிட்டு வந்து, “பார்த்தாச்சு, பிரயோஜனமில்லை” என்கிறோம். தசை பலப்பட மாதங்கள் ஆகும். மனம் சோர்ந்திருப்பவரால் அத்தனை மாதம் தினமும் பயிற்சி செய்ய முடிவதில்லை என்பதையும் இங்கேயே சேர்த்துப் பார்க்க வேண்டும். பயிற்சித் தாளைக் கையில் கொடுத்து அனுப்பினால் மட்டும் போதாமல் போவது பல நேரம் இதனால்தான்.

அப்படியானால் மனநல ஆலோசனை மட்டுமே தீர்த்துவிடுமா? அப்படியும் சொல்ல முடியாது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் சிகிச்சையை நாள்பட்ட கழுத்து வலிக்குத் தந்த ஆய்வுகளை 2015-இல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. ஒன்றுமே செய்யாமலிருப்பதைவிடப் பலன் உண்டு. ஆனால் அந்தப் பலன் சிறியது, குறுகிய காலத்துக்கானது. இரண்டையும் சேர்த்துத் தந்தபோது நடந்ததுதான் நம்பிக்கை தருகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மிஷேல் ஸ்டெர்லிங் தலைமையில், விபத்தில் கழுத்தில் அடிபட்டு ஒரு மாதம்கூட ஆகாத, தேற நாளாகலாம் என்று கணிக்கப்பட்ட 108 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு உடற்பயிற்சி மட்டும். மறுபாதிக்கு அதே பயிற்சியோடு, மனநெருக்கடியை அடையாளம் கண்டு சமாளிக்கும் பயிற்சியும். இரண்டாவது குழுவின் முடக்கம் ஆறாவது வாரத்திலேயே கூடுதலாகக் குறைந்திருந்தது. ஒரு வருஷம் கழித்தும் அந்த முன்னிலை குறையவில்லை. அதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் உளவியலாளர்கள் அல்லர், அதற்கெனப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகள். உளவியலாளர்கள் கிடைப்பதே அரிதாக இருக்கும் நம் மாவட்ட ஊர்களுக்கு இது முக்கியமான செய்தி.

மருந்து விஷயத்தில் ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப நடக்கிறது. கழுத்து வலிக்குப் போனவருக்கு மருத்துவர் இரவில் போட அமிட்ரிப்டிலின் குறைந்த அளவிலோ, டுலோக்செடினோ எழுதித் தருகிறார். வீட்டுக்கு வந்து போனில் தேடினால் மனச்சோர்வுக்கான மருந்து என்று வருகிறது. “என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டார்” என்று மாத்திரை குப்பைக்குப் போகிறது. இந்த மருந்துகள் மனச்சோர்வே இல்லாதவர்களின் வலிக்கும் வேலை செய்பவை. டுலோக்செடினை நாள்பட்ட தசை, எலும்பு வலிகளுக்குத் தரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-இல் அனுமதித்தது. எழுதித் தருகிறவர் இதை இரண்டு நிமிஷம் விளக்கினால் பாதிப் பிரச்சினை தீரும். பக்கவிளைவு இருந்தால் அவரிடமே சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். கொஞ்ச நாள் சாப்பிட்டுப் பழகிய டுலோக்செடினைத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஸ்கேன் உறையோடு இன்னும் இரண்டு கேள்விகளுக்கான பதிலையும் கொண்டு போகலாம். கடந்த இரண்டு வாரத்தில் எதிலுமே நாட்டமில்லாமல் இருந்ததா? மனம் வாடியோ நம்பிக்கை இழந்தோ இருந்ததா? மனச்சோர்வுக்கு முதல் வடிகட்டலாக உலகம் முழுக்கப் பொது மருத்துவர்களே கேட்கிற கேள்விகள் இவை. பெரும்பாலான நாள் அப்படித்தான் இருந்தது என்றால், கழுத்து எப்படியிருந்தாலும் அதற்கென்று தனியாகச் சிகிச்சை வேண்டும். நாள்பட்ட வலியோடு வாழ்கிறவர்களிடம் தற்கொலை எண்ணம் மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது. அந்த எண்ணம் தலைகாட்டினால் அடுத்த மருத்துவச் சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் இருப்பவர்கள் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.